படிக்கட்டில் நிற்பவர்களின் சாவி

பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கும் மனிதர்களின் முகம் சாவியக்காவுக்கு அத்துப்படி. முதலில் சட்டைப் பையைத் தடவுவார்கள். அடுத்து கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். அதன்பின் கட்டியவளையோ கட்டியவனையோ திட்டுவார்கள். திட்டி ஓய்ந்த பிறகுதான், கடைத்தெரு முனையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் பெட்டி போன்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய நினைவு வரும்.

வளைத்த கம்பிகளையும் சின்ன அரத்தையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்புவாள். கதவின் முன்னால் மண்டியிட்டு, கண்ணை மூடி, பூட்டின் வயிற்றுக்குள் கம்பியால் தடவுவாள். உள்ளே ஏதோ ஒன்று ‘சரி’ என்று தலையாட்டும். கதவு திறக்கும். நின்றிருந்தவர் முகத்தில் அப்போது வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதற்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம் என்று அவள் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடமிருந்து வந்த கடை. பெண்பிள்ளைக்கு எதற்கு அரமும் இடுக்கியும் என்று கேட்டவர்கள் எல்லாம் பிறகு தங்கள் வீட்டுச் சாவியை அவளிடம்தான் நீட்டினார்கள். தெருவில் அவள் சாவியக்கா. பள்ளி விட்டதும் கடையில் வந்து உட்காரும் அவள் மகள் சின்னச்சாவி. பேருந்து ஓட்டும் கணவருக்கு மட்டும் எந்தப் பட்டமும் ஒட்டவில்லை. “ரெண்டு சாவிக்கு நடுவுல நான்தான் பூட்டு,” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு எப்போது நின்றது?

இரண்டாவது குழந்தை வயிற்றில் தங்காமல் போன வருஷம் அவளுக்குத் தூக்கம் போனது. தூக்கத்துக்காக ஒரு வாய் குடித்தாள். பிறகு தூங்கி எழுந்ததற்காக ஒரு வாய். பிறகு காரணம் கேட்க ஆளில்லை. வெட்டாத சாவிகள் கிடக்கும் தகர டப்பாவின் அடியில் பாட்டில் குடியேறியது. கை நடுங்கியது. ஒரு பல் கூடுதலாக அராவப்பட்ட சாவிகள் திரும்பி வர ஆரம்பித்தன. வந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை. மறுபடி வெட்டி வாங்கிக்கொண்டு, அடுத்த முறை வேறு கடைக்குப் போனார்கள்.

கேட்டது ஒருத்திதான். அதுவும் வாயால் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் சின்னச்சாவி தன் முகத்தை அம்மாவின் முகத்தருகே கொண்டு வந்து முத்தம் கேட்பாள். சில நாள் முத்தம் வாங்கிக்கொண்டு மடியில் ஏறுவாள். சில நாள் வாங்காமலே விலகிப் போய், மூலையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். அது முத்தமில்லை, சோதனை என்று பெற்றவளுக்குப் புரியவே வெகுநாளாயிற்று. புரிந்த அன்றும் அவள் குடித்தாள்.

ஒரு மழை நாள். மதியமே கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குடித்தாள், விழுந்தாள். பள்ளி விட்டு வந்த பெண் கதவைத் தட்டினாள். கூப்பிட்டாள். அழுதாள். பிறகு நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் கதவு திறந்துவிடுகிறவளின் மகள், தன் வீட்டுக் கதவுக்கு வெளியே, அப்பா வேலை முடிந்து வரும்வரை நடுங்கிக்கொண்டிருந்தாள். அன்று ஏறிய காய்ச்சல் இறங்க ஒரு வாரம் ஆனது.

காய்ச்சல் இறங்கியதும் கணவர் மகளை அழைத்துக்கொண்டு தன் அக்கா வீட்டு மாடிக்குக் குடிபோனார். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. அதுதான் கொடுமை. பின்னாலேயே போனவள், அந்த மாடிக் கதவில் புதிதாகப் பளபளத்த பூட்டைப் பார்த்தாள். வேறு யாரோ பொருத்திய பூட்டு. திருகாணி ஒன்று கோணலாக இறங்கியிருந்தது.

அவள் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார்.

“இந்தப் பூட்டை நீ நிமிஷத்துல திறந்துருவ. எனக்குத் தெரியும்,” என்றார். “திறக்காம இரு. நான் கேக்கறது அவ்ளோதான்.”

அறைந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ் வீட்டு முன்கூடத்தில் மகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. நாத்தனார் எதிரிலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள். முதல் ஞாயிறு, குழந்தை நாற்காலியை விட்டு இறங்கி வரவேயில்லை. முத்தம் கேட்கவில்லை. அங்கிருந்தே மூக்கைச் சுளித்தாள்.

“குழந்தைக்கு மோப்பம் நல்லா இருக்கு,” என்றாள் நாத்தனார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்க குடும்பத்து மூக்கு.”

அன்று வீட்டுக்குத் திரும்பியவள் மறுநாள் காலை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். குடியை ஒரே நாளில் வெட்டி எறிந்தால் உடம்பு வெட்டி இழுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டிருந்தாள். டாக்டரம்மா அவளைச் சில நாள் படுக்கையில் வைத்தே பார்த்துக்கொண்டாள். நடுக்கமும் வியர்வையும், சுவரில் பூச்சி ஊர்கிற பிரமையும் ஒரு வழியாக அடங்கின. அனுப்பும்போது அந்த அம்மா சொன்ன வார்த்தை அவளுக்குள் தங்கிவிட்டது.

“உங்க உடம்பை மருந்து பாத்துக்கும். உங்க சாயங்காலத்தை யாரு பாத்துக்கப் போறா? கூட்டத்துக்குப் போங்க.”

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுகிற கூட்டம். வியாழக்கிழமை சாயங்காலம், பழைய அச்சகக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. கட்டணம் கிடையாது. பெயர் கேட்க மாட்டார்கள். வருகிறவர்களின் மானம் கருதி பலகையும் வைக்க மாட்டார்கள்.

முதல் வியாழக்கிழமை படியேறினாள். பாதியில், எதிரே இறங்கி வந்த ஒருவர் தன் கடையில் சாவி வெட்டியவரோ என்று தோன்றியது. முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டு திரும்பி இறங்கிவிட்டாள். அன்று சாராயக்கடைத் தெருவைத் தவிர்க்க ஊரைச் சுற்றி நடந்தே வீட்டுக்குப் போனாள். கால் கடுத்தது. ஆனால் குடிக்கவில்லை. அடுத்த வாரம் இறங்கக் கூடாது என்று தன் காலுக்கே உத்தரவு போட்டாள்.

அடுத்த வாரம் இறங்கவில்லை. இரண்டாவது மாடியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். இரண்டிலும் பலகை இல்லை. வலப்பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே வட்டமாக நாற்காலிகள். முகங்களில் ஒரே பதற்றம். சிலர் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியுமா? போய் உட்கார்ந்தாள்.

டை கட்டிய ஒருவர் எழுந்து, புதிதாக வந்தவர்கள் கூச்சப்படாமல் மனதில் இருப்பதைப் பேச வேண்டும் என்றார். அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

சாவியக்கா எழுந்தாள். இப்போது உட்கார்ந்தால் இனி எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

“நான் குடிக்கிறவ,” என்றாள்.

பிறகு நிறுத்தவே முடியவில்லை. தகர டப்பாவைச் சொன்னாள். தாழ்ப்பாளைச் சொன்னாள். படிக்கட்டில் நனைந்த பையோடு உட்கார்ந்திருந்த குழந்தையைச் சொன்னபோது குரல் கிழிந்துவிட்டது. பேசி முடித்தாள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். பலமாக, எழுந்து நின்று.

“பிரமாதம்,” என்றார் டை கட்டியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “உணர்ச்சி அப்படியே இருக்கு. ஆனா பாருங்க, தொடக்கம் கொஞ்சம் திடுதிப்புனு இருந்துச்சு. அப்புறம் கை. பேசும்போது கையைப் பிசையக் கூடாது.”

அது மேடைப் பேச்சுப் பயிற்சி வகுப்பு.

அவள் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனதை ஓர் இளம்பெண் மட்டும் கவனித்தாள். எழுந்து வந்து கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போய், தணிந்த குரலில் சொன்னாள். “அக்கா, நீங்க தேடி வந்தது எதிர்க் கதவு. எங்கப்பா அங்கதான் இருக்காரு. வாங்க, நான் தட்டறேன்.”

அந்தப் பெண் தட்டியிருக்காவிட்டால் சாவியக்கா அன்று படியிறங்கியிருப்பாள். எத்தனையோ கதவுகளைத் திறந்தவளுக்கு, ஒரு கதவைத் தட்டக் கை வரவில்லை.

கதவைத் திறந்தவர் நரைத்த மீசைக்காரர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். உள்ளே எல்லோரும் ஆண்கள். அவளைப் பார்த்ததும் சட்டென்று மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“வீட்டுக்காரர் வரலையாம்மா?” என்று கனிவாகக் கேட்டார் ஆம்புலன்ஸ்காரர். “குடிக்கிறவங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குத் தனியா கூட்டம் இருக்கு. வேற நாள்ல.”

ஒரே சாயங்காலத்தில் இரண்டாவது அடி. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“வீட்டுக்காரருக்கு இல்லண்ணே. எனக்கு.”

யாரும் கைதட்டவில்லை. ஒரு பெயிண்டர், கால்சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தெறிப்பு, எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அவ்வளவுதான். அதில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

*

கூட்டம் முடிந்ததும் ஆம்புலன்ஸ்காரர் ஒரு சாவியை அவள் கையில் வைத்தார். கனமான பழைய இரும்புச் சாவி. பற்கள் தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தன. இந்த அறைச் சாவி என்றும், அடுத்த வியாழக்கிழமை அவள்தான் வந்து திறக்க வேண்டும் என்றும் சொன்னார். கடைசியாக வந்து சேர்ந்தவரிடம்தான் சாவி இருக்கும். இன்னொருவர் புதிதாக வரும்வரை அவள் பொறுப்பு. இந்தக் கூட்டம் தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான்.

“ஒரு குடிகாரிகிட்டயா சாவியைக் குடுக்கறீங்க?”

“இங்க வேற யாரும்மா இருக்கா?” என்றார் பெயிண்டர். அறை முழுக்கச் சிரித்தது. சாவியக்காவும் சிரித்தாள். தன் சிரிப்பின் சத்தத்தைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

அதன்பின் வியாழக்கிழமைகள் வாரத்தின் முதுகெலும்பாயின. கடையை முன்னதாகவே மூடுவாள். முதல் ஆளாகப் போய்த் திறப்பாள். நாற்காலிகளைத் துடைத்து வட்டமாகப் போடுவாள். மற்ற நாட்களில் பாட்டிலின் நினைப்பு தொண்டை வரை வரும்போது இடுப்பில் செருகிய சாவியைத் தொட்டுப் பார்ப்பாள். குளிர்ந்த இரும்பு வயிற்றில் உறுத்தும்.

ஆனால் தொழில்காரியின் கண் சும்மா இருக்குமா? தேய்ந்த சாவி பூட்டில் மாட்டி மாட்டித்தான் திரும்பியது. ஒருநாள் முறிந்தால்? தொலைந்தால்? இத்தனை பேருக்கு ஒரே சாவி என்பது அவளுக்கு அசட்டுத்தனமாகப் பட்டது. தனக்கு இவர்கள் செய்ததற்குத் தன்னால் என்ன செய்ய முடியும் என்று வேறு ஏங்கிக்கொண்டிருந்தாள். ஒரு காலை, கடையைத் திறந்ததும் இடுக்கியில் அந்தச் சாவியை மாட்டினாள். கை நடுங்கவில்லை. எவ்வளவு காலமாயிற்று. ஒவ்வொரு பல்லாக அராவி, எண்ணெய் தொட்டு மெருகேற்றி, எல்லோருக்கும் ஆளுக்கொன்றாகப் புத்தம்புது பித்தளைச் சாவிகள் வெட்டினாள். தன் கைத்தொழில் தனக்குத் திரும்பி வந்ததை அவள் அவர்களிடம்தான் முதலில் காட்ட ஆசைப்பட்டாள்.

அந்த வியாழக்கிழமை அவற்றை மேசையில் வரிசையாக வைத்தாள். மினுமினுத்தன.

யாரும் எடுக்கவில்லை.

பெயிண்டர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு சூடுபட்டவர்போல் கீழே வைத்துவிட்டார். திருட்டுச் சாவி என்று நினைக்கிறார்களோ?

“தப்பா நினைக்காத, தங்கச்சி,” என்று ஆரம்பித்தார் ஆம்புலன்ஸ்காரர். அவரிடமும் ஒரு காலத்தில் அந்தச் சாவி இருந்ததாம். அன்று அவர் வண்டியில் ஒரு சின்னப் பிள்ளையின் உயிர் வழியிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை விட்டுவிட்டு நேரே சாராயக்கடைக்கு நடந்தார். உள்ளே போய் உட்கார்ந்தும் விட்டார். கிளாஸ் முன்னால் வந்தது. அப்போது சட்டைப் பையில் சாவி குத்தியது. அன்று வியாழக்கிழமை.

“படிக்கட்டுல ஆளுங்க நின்னுட்டு இருப்பாங்களேன்னு தோணுச்சு. நான் போகலன்னா அவனவன் கலைஞ்சு எங்க போவான்? இங்கதான் வருவான், என் பக்கத்து மேசைக்கு. எழுந்து வந்துட்டேன். அன்னைக்கு என்னை எழுப்பினது என் புத்தி இல்ல, தங்கச்சி. இந்த ஒரு சாவிதான்.” மேசையில் மினுக்கிய பித்தளைச் சாவிகளைக் காட்டினார். “ஆளுக்கு ஒண்ணு இருந்துருந்தா நான் எழுந்துருக்க மாட்டேன். வேற எவனாச்சும் திறந்துக்குவான்னு விட்டிருப்பேன்.”

மறுநாள் சாவியக்கா அந்தப் பித்தளைச் சாவிகளை ஒவ்வொன்றாக இடுக்கியில் மாட்டி, பற்களை மழுங்க அராவினாள். நல்ல சாவியைக் கெடுப்பது அவள் வாழ்நாளில் அதுவே முதல் முறை. ஒவ்வொரு பல் உதிரும்போதும், அன்று நனைந்த பையோடு யாருக்காகவோ படியில் உட்கார்ந்திருந்த ஓர் உருவம் கண்ணில் வந்தது. இனி தனக்காக யாரும் படியில் வீணாகக் காத்திருக்கக் கூடாது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பித்தளைத் தூளைக் கையால் வழித்துக் கொட்டிவிட்டு, வேலையைப் பார்த்தாள்.

*

மாதங்கள் ஓடின. ஞாயிறுகளில் மகள் நாற்காலியை விட்டு இறங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக் கதைகள் சொன்னாள். முத்தம் மட்டும் கேட்கவில்லை. அது ஒன்றுக்காக அந்தத் தாய் மனம் எப்படித் தவித்தது! ஆனாலும் அவள் கேட்டு வாங்கவில்லை. தானாக வர வேண்டியது அது.

ஒரு வியாழக்கிழமை. கடையை மூடிக்கொண்டிருந்தவள் முன் கணவர் வந்து நின்றார். பேருந்து ஓட்டும் சீருடையோடு, மூச்சு வாங்க. இந்தக் கடைப் பக்கம் அவர் வந்து எத்தனை காலமாயிற்று!

“மாடிப் பூட்டு மாட்டிக்கிச்சு,” என்றார். “வெளியேருந்து நான் திருப்பினேன், சாவி பாதியில முறிஞ்சுபோச்சு. பிள்ளை உள்ள இருக்கா. தச்சனைக் கூட்டிட்டு வந்து கதவை உடைக்கப் பாத்தோம், அந்தச் சத்தத்துல பயந்து கத்தறா.” அவள் துணிப்பையைக் காட்டினார். “உன்னைத்தான் கூப்பிடறா.”

துணிப்பையை எடுத்தாள். ஓட்டமாக ஓடினாள்.

மாடி வாசலில் நாத்தனாரும், சுத்தியலோடு தச்சரும் நின்றார்கள். அவளைப் பார்த்து நாத்தனார் வாயைத் திறந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். சாவியக்கா கதவின் முன்னால் மண்டியிட்டாள். கோணல் திருகாணி அவளைப் பார்த்தது.

“அம்மா வந்துட்டேன்டா.”

உள்ளே விசும்பல் நின்றது. காலடிச் சத்தம் கதவருகே வந்தது. பிறகு மெல்லிய குரல்.

“அம்மா... நீ நல்லா இருக்கியா?”

அந்தக் கேள்வியின் அர்த்தம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தச்சர்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“நல்லா இருக்கேன்டா.”

“அப்ப ஊது.”

“என்னடா?”

“கதவு இடுக்கு வழியா ஊதும்மா. நான் பாக்கறேன்.”

நாத்தனார் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். பெற்ற பிள்ளை முன்னால் ஒரு தாய்க்கு இதைவிட அவமானம் வேண்டுமா? ஆனால் சாவியக்காவுக்கு அது அவமானமாகத் தோன்றவில்லை. எத்தனையோ ஞாயிறுகள் அவள் காத்திருந்தது இந்தச் சோதனைக்குத்தான். நிலைக்கும் கதவுக்கும் இடையிலிருந்த விரிசலில் உதட்டை வைத்து, நெஞ்சிலிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, நீளமாக ஊதினாள்.

உள்ளே சின்ன மூக்கு மோந்து பார்க்கும் சத்தம். மறுபடி ஒருமுறை.

“சரி,” என்றது குரல். “திற.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லிய கொக்கிக் கம்பி உள்ளே போனது. முறிந்த துண்டின் விளிம்பு தட்டுப்பட்டது. வழுக்கியது. மறுபடி தொட்டாள். கை கல்லாக நின்றது. துண்டு மெல்ல நகர்ந்து, முனை வெளியே தெரிந்து, அவள் உள்ளங்கையில் விழுந்தது. பிறகு வேறொரு கம்பி. ஒரு திருப்பு.

கதவு திறந்த வேகத்தில் குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்னம், நெற்றி, கண் என்று பார்க்காமல் முத்தமாகக் கொடுத்தாள். கேட்காமலே கொடுத்தாள்.

“இன்னைக்கு இங்கயே இரும்மா. சாப்பிட்டுட்டு என்கூடப் படுத்துக்கோ.”

கணவரும் வழிவிட்டு நின்றார். அவர் விட்ட வழியில் அந்த வீட்டின் உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எந்த வாசலுக்காக இத்தனை நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாளோ, அந்த வாசல். ஓர் அடி எடுத்து வைத்தால் போதும்.

அப்போது இடுப்பில் இரும்பு உறுத்தியது.

படிக்கட்டில் ஆட்கள் நிற்பார்கள். நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

“நான் போயிட்டு வரணும்டா,” என்றாள், மகளின் முடியை ஒதுக்கியபடி. “அங்க ரூம் சாவி என்கிட்ட இருக்கு. நான் போனாத்தான் திறக்கும்.”

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “பாத்தியா தம்பி? பிள்ளை அழுதுட்டு நிக்குது, இவளுக்கு ஊர்க் குடிகாரனுங்க முக்கியம்.”

“ஆமா அண்ணி, முக்கியம்தான்,” என்றாள் சாவியக்கா. குரலை உயர்த்தவில்லை. “அவங்க எனக்காக நின்னாங்க. அதனாலதான் இன்னைக்கு என் மூச்சு இவகிட்ட பாஸாச்சு.”

கணவர் பைக் சாவியை எடுத்தார். “ஏறு. கொண்டு விடறேன்.” மகளைப் பார்த்து, “நீயும் வா,” என்றார்.

அச்சகக் கட்டடத்தின் படிக்கட்டில் அவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் மேல்படியில். பெயிண்டர் அவருக்குக் கீழே. ஒருவரும் கலைந்து போகவில்லை. ஏன் தாமதம் என்றும் கேட்கவில்லை. “சாவி வந்துருச்சு,” என்று பெயிண்டர் மட்டும் சொன்னார். அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டபோதுதான், அவர்கள் எவ்வளவு பயந்திருந்தார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. தங்களுக்காக இல்லை. அவளுக்காக.

கடைசிப் படியில், சுவரோடு ஒட்டி, ஓர் அந்நியர் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. நடுங்கும் கைகளை முழங்காலுக்கு நடுவே இடுக்கியிருந்தார். யாராவது பார்த்தால் எழுந்து ஓடிவிடுவார் போலிருந்தது.

“முதல் தடவையா?” என்று கேட்டாள்.

தலையாட்டினார்.

“எதிர்க் கதவுக்குள்ள போயிராதீங்க. அங்க கைதட்டிருவாங்க.”

அன்று கூட்டம் முடிந்ததும் அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்த அந்நியரின் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். எப்படித் திருப்ப வேண்டும், எங்கே மாட்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். இடுப்பு லேசாக இருந்தது. ஒரு கணம் பயமாகக்கூட இருந்தது. பிறகு படியிறங்கினாள்.

கீழே பைக்கின் மேல் மகள் உட்கார்ந்திருந்தாள். கணவர் பக்கத்தில் நின்றுகொண்டு, எதையோ பேச வார்த்தை தேடுகிறவர்போல் பைக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பூட்டு இனி உதவாது இல்ல?” என்றார்.

“உதவாது. பொருத்தினவனுக்குத் திருகாணி பிடிக்கவே தெரியல.”

“நீயே ஒண்ணு போட்டுக் குடு.” கண்ணாடியை இன்னும் துடைத்தார். “புதுப் பூட்டுக்கு எத்தனை சாவி வரும்?”

“மூணு.”

“சரியா இருக்கும்,” என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சொன்னபோது குரல் உடைந்தது.

சாவியக்காவின் கண் நிறைந்தது. ஆனால் அவள் தலையசைத்தாள், இல்லையென்று.

“மூணாவதை நீங்களே வெச்சுக்கங்க. எனக்குச் சாவி வேணாம். கொஞ்ச நாளைக்கு நான் வந்து மணி அடிக்கறேன். நான் வருவேன்னு உள்ள யாராச்சும் காத்துட்டு இருக்கணும். அப்பத்தான் எனக்கு வந்து சேரணும்னு இருக்கும்.”

அவருக்குப் புரிந்ததா, தெரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. பைக்கிலிருந்து குதித்து இறங்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான் திறப்பேன்,” என்றாள் சின்னச்சாவி. “ஆனா ஊதினாத்தான்.”

“ஊதறேன்டா,” என்றாள் அவள் அம்மா. “தினமும் ஊதறேன்.”